அந்தப் பலகையில் இருந்தது என்ன?



கொஞ்சம் நீளமான பதிவு. கணக்குப் பதிவுதான், ஆனாலும் கணக்கென்றால் பயந்து ஓடியவர்களும் வாசிக்கலாம். ஒரே அளவான இரண்டு 5 ரூபாக் குற்றிகள் கிடைத்தால் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இடையில் தேவைப்படும்.

போன வாரம் நமதூர் வட்ஸ்அப் குழுமங்களில் ஒரு படம் சுற்றியது. கறுப்புத் துணி போர்த்திய ஒரு பலகை, அதில் சிவப்பு நூலால் ஓர் இதய வடிவம். கீழே, 'பாடசாலைக்குள்ளும் காதலர் தினமா? பெற்றோரே விழித்துக்கொள்ளுங்கள்' என்று ஒரு வரி. அந்தப் பலகை எங்கள் கணித அறையில் இருந்தது. 11ஆம் ஆண்டு மாணவிகள் மூவர் செய்தது. பலகையின் மேலே தலைப்புக் கடதாசி ஒன்று ஒட்டியிருந்தது. படத்தைப் பகிர்ந்தவர் அந்தப் பகுதியை வெட்டிவிட்டார். கீழ் மூலையில் எழுதியிருந்த மூன்று பிள்ளைகளின் பெயர்களை வெட்டவில்லை.

யார் பகிர்ந்தார் என்று இங்கே எழுதப்போவதில்லை. அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களும் எங்களிடம்தான் படிக்கிறார்கள். அந்தப் பலகையில் இருந்தது என்ன என்பதைச் சொல்லத்தான் கணித ஆசிரியர்களாகிய நாங்கள் இதை எழுதுகிறோம்.

அதன் பெயர் கார்டியோயிட். தமிழில் இதய வளையி என்று சொல்லலாம். கிரேக்க மொழியில் 'கார்டியா' என்றால் இதயம். 1741இல் கஸ்தியோன் என்ற இத்தாலியக் கணித அறிஞர் வைத்த பெயர் அது. பெயர் வருவதற்கு முன்பே அந்த வடிவம் புழக்கத்தில் இருந்தது. 1674இல் ஓலே ரோமர் பல்சக்கரத்தின் பற்களுக்கு நல்ல வடிவம் தேடும்போது இதை ஆராய்ந்தார். ஒளிக்கும் வேகம் உண்டென்று வியாழனின் நிலவை வைத்துக் காட்டியவர் அதே ரோமர்தான். ஆக, இந்த வளையியின் வரலாறு தொடங்குவது இயந்திரச் சில்லில். வாழ்த்து அட்டைக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

உண்மையில் அது அட்டைகளில் வரும் இதயம் மாதிரியும் இல்லை. அந்த இதயத்துக்குக் கீழே கூர் இருக்கும். கார்டியோயிட்டுக்குக் கீழே கூர் கிடையாது, உருண்டையாக இருக்கும். மேலே ஒரே ஒரு குழி. அப்பிள் பழத்தைக் காம்போடு நேராக இரண்டாக வெட்டினால் தெரியும் வெட்டுமுகம்தான் அதற்கு மிகக் கிட்டிய உருவம். படத்தைப் பார்த்தவர்கள் 'அப்பிள் தினமா?' என்று கேட்டிருந்தால் எங்களுக்கு வேலை மிச்சம்.

இப்போது குற்றிகளை எடுங்கள். ஒன்றை மேசையில் வைத்து விரலால் அழுத்திப் பிடியுங்கள். மற்றதை அதன் விளிம்பைத் தொட்டபடி, வழுக்க விடாமல், சுற்றி உருட்டுங்கள். உருளும் குற்றியின் விளிம்பில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள், அது நிலையான குற்றியைத் தொடும் இடத்திலிருந்து தொடங்குங்கள். ஒரு முழுச் சுற்று முடியும்போது அந்தப் புள்ளி போன பாதைதான் கார்டியோயிட். நாங்கள் வகுப்பில் படிப்பிக்கும் 'ஒழுக்கு' பாடம் இதுவேதான். ஒரு நிபந்தனைக்கு உட்பட்டு அசையும் புள்ளியின் பாதை. சாதாரண தரப் பரீட்சைக்கு நான்கு வகை ஒழுக்கு தெரிந்தால் போதும். இந்தப் பிள்ளைகள் ஐந்தாவது ஒன்றைத் தேடிப் போனார்கள், அவ்வளவுதான்.

ஒரு கேள்வி. அப்படி ஒரு முறை சுற்றி வரும்போது உருளும் குற்றி தன்னைத் தானே எத்தனை தடவை சுற்றும்? இரண்டு குற்றிகளின் பரிதியும் ஒன்றுதானே, ஒரு தடவை என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். உருட்டிப் பாருங்கள். இரண்டு தடவை சுற்றும். காரணம், உருளும் குற்றியின் மையம் போகும் பாதையைப் பார்க்க வேண்டும். அந்த வட்டத்தின் ஆரை ஒரு குற்றியின் ஆரையல்ல, இரண்டு ஆரை சேர்ந்தது. பாதை இரண்டு மடங்கு, சுற்றும் இரண்டு.

இதை இலேசாக நினைக்க வேண்டாம். 1982இல் அமெரிக்காவின் எஸ்.ஏ.டி. பரீட்சையில் இதே மாதிரி ஒரு கேள்வி வந்தது. சின்ன வட்டத்தின் ஆரை பெரியதன் மூன்றிலொரு பங்கு, சுற்றி உருண்டால் எத்தனை சுற்று என்று. கேள்வி தயாரித்தவர்கள் 3 என்று நினைத்திருந்தார்கள். சரியான விடை 4. அது கொடுத்திருந்த விடைகளிலேயே இல்லை. இலட்சக்கணக்கானோர் எழுதிய பரீட்சையில் ஒரு சில மாணவர்கள்தான் பிழையைக் கண்டு எழுதினார்கள். கேள்வி நீக்கப்பட்டது. பரீட்சைத் திணைக்களமே சொன்னாலும் சரிபார்த்துப் பார் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல எங்களுக்கு இதைவிட நல்ல கதை கிடைத்ததில்லை.

சரி, பலகைக்கு வருவோம். அதில் குற்றியும் இல்லை, உருட்டலும் இல்லை. 30 சென்ரிமீற்றர் ஆரையுள்ள ஒரு வட்டம். அதன் மேல் 5 பாகைக்கு ஒன்றாக 72 ஆணிகள். ஆணிகளுக்கு 0 முதல் 71 வரை இலக்கம். விதி ஒன்றே ஒன்றுதான்: எந்த ஆணியிலிருந்தும் அதன் இரு மடங்கான ஆணிக்கு நூல் கட்டு. 1இலிருந்து 2க்கு. 2இலிருந்து 4க்கு. 10இலிருந்து 20க்கு. 36இலிருந்து 72க்கு, அதாவது திரும்பவும் 0க்கு. 37 என்றால் 74, அதிலிருந்து ஒரு சுற்றான 72 கழிய 2. இப்படி 71 வரை. நூல் மருதமுனைக் கைத்தறியில் மிஞ்சிய நூல், ஒரு பிள்ளையின் மாமி கொண்டு வந்து தந்தது.

71 நூலும் நேர்கோடுகள். வளைந்த கோடு ஒன்றைக்கூட யாரும் கீறவில்லை. ஆனாலும் நடுவில் வளையி தானாக எழுகிறது. ஒவ்வொரு நூலும் அதைத் தொட்டுக்கொண்டு போகிறது. தொடும் இடம் எப்போதும் நூலின் மூன்றிலொரு பங்கில், தொடங்கிய ஆணியின் பக்கம். இதை நாங்கள் சொல்லிக் கொடுக்கவில்லை. மூவரில் ஒருத்தி அடிமட்டம் வைத்து அளந்து வந்து, 'டீச்சர், எல்லாத்திலயும் ஒரே பங்குதான் வருது, ஏன்?' என்று கேட்டாள். பரீட்சை வினாத்தாளில் இல்லாத 'ஏன்' ஒன்றை ஒரு பிள்ளை கேட்பதற்காக ஆசிரியர்கள் எத்தனை வருஷம் காத்திருக்கிறோம் தெரியுமா?

ஏன் இரு மடங்கு என்பதற்கும் காரணம் உண்டு. வட்டமான ஒரு பாத்திரத்தின் விளிம்பில், 0 ஆணி இருக்கும் இடத்தில், ஒரு சின்ன விளக்கு இருப்பதாக வையுங்கள். ஒளிக்கதிர் 10ஆம் ஆணி இருக்கும் இடத்தில் சுவரில் பட்டால் எங்கே தெறிக்கும்? படுகோணமும் தெறிகோணமும் சமன். வந்த நாணும் போகும் நாணும் சம நீளம். 0இலிருந்து 10க்கு வந்தது, 10இலிருந்து 20க்குப் போகும். ஆக ஒவ்வொரு நூலும் ஒரு தெறித்த கதிர். பலகையில் இருப்பது ஒளி நடந்து போன வழி. இரவில் வெறுமையான எவர்சில்வர் கோப்பையின் விளிம்போடு டோர்ச்சைச் சேர்த்துப் பிடித்து உள்ளே பார்த்தால், அடியில் அதே குழி விழுந்த வெளிச்சம் தெரியும். பகலில் பிளேன்டீக் கோப்பைக்குள் வெயில் விழும்போது தெரிவது இதன் சகோதர வளையி. சூரியன் வெகு தூரத்தில் இருப்பதால் கதிர்கள் சமாந்தரமாக வருகின்றன, அப்போது கிடைப்பது நெஃப்ரோயிட். அதற்கும் உடலுறுப்பின் பெயர்தான், சிறுநீரகம். அதைப் பலகையில் கட்டியிருந்தால் யாரும் படம் எடுத்திருக்க மாட்டார்கள்.

வளைந்த கண்ணாடியில் ஒளி எங்கே தெறிக்கும் என்ற கேள்வியை 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இப்னுல் ஹைதம் தன் 'கிதாபுல் மனாஸிர்' நூலில் விரிவாக எடுத்திருக்கிறார். விளக்கு இருக்கும் இடமும் கண் இருக்கும் இடமும் தெரிந்தால் உருண்டைக் கண்ணாடியில் எந்தப் புள்ளியில் தெறிக்கும் என்ற அந்தக் கணக்கை ஐரோப்பியர் இன்றும் அல்ஹஸன் கணக்கு என்று அவர் பெயரால்தான் சொல்கிறார்கள். கார்டியோயிட்டை அவர் கண்டுபிடித்தார் என்று நாங்கள் சொல்லவில்லை, தயவுசெய்து யாரும் அப்படிப் பகிர வேண்டாம். அவர் செய்தது போதிய பெரிது. இன்னொருவர் நஸீருத்தீன் தூஸி. 13ஆம் நூற்றாண்டில், ஒரு வட்டத்துக்குள் அதன் பாதி அளவான வட்டம் உருண்டால் விளிம்பிலுள்ள புள்ளி நேர்கோட்டில் போய் வரும் என்று காட்டினார். வட்டத்துக்கு வெளியே சம அளவு வட்டம் உருண்டால் கார்டியோயிட், உள்ளே பாதி அளவு வட்டம் உருண்டால் நேர்கோடு. ஒரே குடும்பம். அரபியில் 'கல்பு' என்ற சொல்லின் வேருக்குப் புரளுதல், திரும்புதல் என்றும் பொருள் உண்டென்று எங்கள் அரபு ஆசிரியர் சொன்னார். உருண்டு புரண்டு வரும் வளையிக்கு இதயத்தின் பெயர் வைத்த இத்தாலியருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

படம் பரவிய மறுநாள் மூவரில் ஒருத்தியின் வாப்பா பாடசாலைக்கு வந்தார். மேசன் வேலை செய்பவர், வேலை உடுப்போடேயே வந்திருந்தார். (அவரிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறோம்.) 'சேர், எங்கட புள்ள இஞ்ச படிக்க வருதா, இதெல்லாம் பின்ன வருதா?' என்றார். கோபத்தில் குரல் உயரவில்லை, அதுதான் எங்களுக்குக் கூடுதலாக வலித்தது. உள்ளே கூட்டிப்போய்ப் பலகையைக் காட்டினோம். வளையியில் உள்நோக்கிக் குழியும் கூர்முனை இருக்கிறதல்லவா, அதற்கூடாக எந்தப் பக்கம் கோடு போட்டாலும், இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்பு வரை ஒரே நீளம் வரும் என்று சொன்னோம். வட்டமென்றால் மையத்துக்கூடாகப் போகும் கோடெல்லாம் சமன், அது எல்லோருக்கும் தெரியும். ஒரு பக்கம் புடைத்து ஒரு பக்கம் குழிந்த இந்த உருவத்திலும் அப்படி வரும் என்றால் நம்பக் கஷ்டம். அவரும் நம்பவில்லை. காற்சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்தார். குறுக்கே பிடித்தார், 40 சென்ரிமீற்றர். சரிவாகப் பிடித்தார், 40. இன்னொரு சரிவு, ஒரு நூலின் தடிப்பு குறைய 40. நீளப்பாட்டுக்கு, முனையிலிருந்து 0 ஆணி வரை, அதுவும் 40.

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு 'சுத்தளவு எவ்வளவு வரும்?' என்று கேட்டார். மேசனுக்கு வரவேண்டிய கேள்விதான். அதுவும் அழகான கணக்கு. உருளும் வட்டத்தின் ஆரையை 16ஆல் பெருக்கினால் போதும். எங்கள் பலகைக்கு அந்த ஆரை 10, எனவே 160 சென்ரிமீற்றர். 1708இல் லா ஹிர் என்ற பிரெஞ்சுக்காரர் கண்ட நீளம். வட்டத்தின் சுற்றளவு கேட்டால் பை என்ற முடிவில்லாத எண் வந்து நிற்கும். வட்டத்தை உருட்டிப் பெற்ற இந்த வளையியின் சுற்றளவில் பை இல்லவே இல்லை, முழு எண். ஆனால் பரப்பளவில் பை திரும்பி வந்துவிடுகிறது. ஆணி வட்டத்தின் பரப்பில் சரியாக மூன்றில் இரண்டு பங்கைக் கார்டியோயிட் பிடிக்கும்.

நூலை வளையியின் மேல் வைத்து அவரே அளந்தார். 158 வந்தது. 'நூல் இழுபடுது, சரியாத்தான் இருக்கும்' என்றார். மகள் செய்ததா என்று இரண்டு தடவை கேட்டார். பிறகும் மகளை மாலை வகுப்புக்கு அனுப்பவில்லை. 'எனக்கு விளங்கிட்டு சேர். படத்தில பேர் இருக்கே, ஊருக்கு யார் விளங்கப்படுத்துற?' என்றார்.

இந்தப் பதிவு அந்தக் கேள்விக்கு எங்களால் இயன்ற பதில்.

'இதால என்ன பிரயோசனம்?' என்று குழுமத்தில் சிலர் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. உங்கள் எல்லோர் காதிலும் தினமும் விழும் ஒரு பிரயோசனத்தைச் சொல்கிறோம். பள்ளி மைக்.

மேடைகளிலும் பள்ளிகளிலும் பேசப் பயன்படும் மைக்குகளில் பெரும்பாலானவை கார்டியோயிட் வகை. மைக்கைச் சுற்றி எந்தத் திசையிலிருந்து வரும் சத்தத்தை எவ்வளவு கேட்கும் என்று வரைபு கீறினால் இந்த உருவம்தான் வரும். நேர் முன்னால் இருந்து வருவதை 1 என்று வைத்தால், பக்கவாட்டிலிருந்து வருவதில் பாதி, நேர் பின்னால் இருந்து வருவதில் 0. அந்த உள்நோக்கிய கூர்முனைதான் மைக்கின் செவிட்டுப் பக்கம். எப்படி? எல்லாத் திசையும் ஒரேயளவு கேட்கும் ஒரு காதையும், முன்னுக்குக் கூட்டலாகவும் பின்னுக்குக் கழித்தலாகவும் கேட்கும் இன்னொரு காதையும் சேர்த்ததாக நினையுங்கள். முன்னால் இரண்டும் கூடும். பின்னால் ஒன்றையொன்று அழித்துவிடும். உயர்தரத்தில் படித்தவர்களுக்கு, 1 கூட்டல் கோசைன் கோணம். 1939இல் ஷூர் நிறுவனத்தில் பெஞ்சமின் பௌவர் இதை ஒரே ஒரு உணரியைக் கொண்டு செய்து காட்டினார். பழைய படங்களில் வெள்ளி நிறத்தில், வாகனத்தின் முன் கிறில் மாதிரி ஒரு மைக் இருக்குமே, அதுதான்.

இப்போது நமது பள்ளியை யோசியுங்கள். பயான் நடக்கும்போது ஊளையிடும் சத்தம் வருகிறது, உடனே சத்தத்தைக் குறைக்கிறார்கள், பின் வரிசையில் இருக்கும் வயதானவர்களுக்கு ஒன்றும் கேட்பதில்லை. ஒலிபெருக்கிப் பெட்டிகள் எங்கே இருக்கின்றன? மிம்பருக்குப் பின் சுவரில், ஜமாஅத்தைப் பார்த்தபடி. மைக்கின் முகம் எங்கே பார்க்கிறது? பேசுபவரை, அவருக்குப் பின்னால் இருக்கும் அதே பெட்டிகளை. பெட்டியில் வரும் சத்தம் மைக்குக்குள் போய், திரும்பப் பெட்டியில் வந்து, திரும்ப மைக்குக்குள் போய் ஊளையாகிறது. பெட்டிகளைப் பேசுபவருக்கு முன்னால், மைக்கின் முதுகுப் பக்கத்துக்கு மாற்றினால் அவை அந்தச் செவிட்டுப் பக்கத்தில் விழும். புது அம்ப்ளிபயர் வாங்கக் காசு சேர்ப்பதற்கு முன் இதை ஒரு தடவை செய்து பாருங்கள். இன்னொன்று, மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடிக்கக் கூடாது. பின்பக்கத்தால் காற்றுப் போகும் துவாரங்கள் அடைபட்டால் செவிட்டுப் பக்கம் இல்லாமல் போய்விடும், அது எல்லாத் திசையும் கேட்கத் தொடங்கிவிடும். கஸீதா பாடும் சின்னவர்கள் பொத்திப் பிடிப்பது அழகாகத்தான் இருக்கிறது. ஊளையிடுவதும் அப்போதுதான்.

எங்கள் பாடசாலையில் உயர்தரத்தில் கணிதப் பிரிவு இல்லை. கணிதம் படிக்க விரும்பும் பெண் பிள்ளை பஸ் ஏறி வேறு பாடசாலைக்குப் போக வேண்டும். அதற்கு வாப்பாவும் உம்மாவும் சம்மதிக்க வேண்டும், வீட்டில் பெரியவர்கள் சம்மதிக்க வேண்டும், பஸ்ஸுக்குக் காசு வேண்டும். கணிதத்தில் நல்ல பெறுபேறு எடுத்தும் இந்தப் படிகளில் ஏதோவொன்றில் நின்றுபோன பிள்ளைகளின் பெயர்களை வருஷம் வருஷமாக எங்களால் சொல்ல முடியும். இந்த மூவரில் இருவர் போகலாம் என்றிருந்தார்கள். அந்தப் படம் வந்த பிறகு ஒருத்தியின் வீட்டில் அந்தப் பேச்சே இல்லை.

எனவே மூன்று விடயம் கேட்கிறோம். அந்தப் படம் கைத்தொலைபேசியில் இருந்தால் அழித்துவிடுங்கள். நீங்கள் யாருக்காவது அனுப்பியிருந்தால் அவரிடமும் சொல்லுங்கள். பகிர்ந்த சகோதரர் குழுமத்தில் ஒரு வரி எழுதினால் போதும், மன்னிப்பு என்ற சொல்கூடத் தேவையில்லை, 'அது கணிதம்' என்று எழுதினால் போதும். மூன்றாவது, வரும் சனிக்கிழமை காலை 9 மணி முதல் 12 மணி வரை கணித அறை திறந்திருக்கும். தாய்மார், வாப்பாமார், நானாமார், யாரும் வரலாம். பலகை சுவரில் இருக்கும். டேப் வைத்திருப்பவர்கள் கொண்டு வாருங்கள். பள்ளி நிர்வாகத்தினரும் வந்தால் ஒரு மைக்கையும் பெட்டியையும் வைத்துச் செய்து காட்டுவோம், இன்ஷா அல்லாஹ்.

இதற்கிடையில் மற்ற இரண்டு பிள்ளைகளும் அடுத்ததை ஆரம்பித்துவிட்டார்கள். இரு மடங்குக்குப் பதிலாக நான்கு மடங்கு. அப்படிக் கட்டினால் மூன்று கூர்முனை வரும் என்று கடதாசியில் கீறிப் பார்த்திருக்கிறார்கள், சரிதான். 72 ஆணி போதாதாம், 120 வேண்டுமாம், 3 பாகைக்கு ஒன்று. வீட்டில் தலை சின்னதான ஓரங்குல ஆணி மிச்சம் இருப்பவர்கள் சனிக்கிழமை வரும்போது எடுத்து வாருங்கள். இன்னும் 48 குறைகிறது.